லிட்டில் ஹவானாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு வெளியேறியவர்கள் அமெரிக்காவின் மயாமி நகரில் உருவாக்கிய குடியிருப்புப் பகுதியே லிட்டில் ஹவானா. அதன் முதன்மைச் சாலையான கையே ஓச்சோவில், 12ஆம் அவென்யூவுக்கும் 17ஆம் அவென்யூவுக்கும் இடைப்பட்ட பகுதியைக் காலையிலேயே நடந்து பாருங்கள். வெயில் ஏறிவிட்டால் நடப்பது சிரமம்.

முதலில், ‘வெந்தானித்தா’ எனப்படும், தெருவை நோக்கித் திறந்திருக்கும் காப்பி ஜன்னலுக்குச் செல்லுங்கள். எஸ்பிரெசோ இறங்கும்போது விழும் முதல் சில சொட்டுகளைச் சர்க்கரையில் விட்டு, அது வெளிறி நுரைக்கும்வரை கரண்டியால் அடித்து, அதன்மேல் மீதிக் காப்பியை ஊற்றித் தருவார்கள். தனியாகச் செல்பவர்கள் சிறு குவளையில் தரும் இந்தக் காப்பியான கஃபேசித்தோவோ, பால் கலந்த கோர்த்தாதித்தோவோ கேட்கலாம். கொலாடா என்பது பலர் பகிர்ந்து குடிப்பதற்காகச் சிறு குவளைகளுடன் வருவது. அதை ஒருவரே குடித்துவிட்டு இரவில் தூக்கம் வரவில்லை என்று புலம்பக் கூடாது.

மதிய உணவுக்கு, நார்நாராகப் பிரித்த மாட்டிறைச்சியைத் தக்காளி, குடைமிளகாயுடன் சமைத்த ‘ரோபா வியேஹா’வைச் சோற்றுடன் உண்டு பாருங்கள். சைவ உணவினர் கருப்பு பீன்ஸை நம்பிச் சாப்பிடும் முன், அதில் பன்றி இறைச்சி சேர்ந்துள்ளதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

15ஆம் அவென்யூ மூலையில் உள்ள மாக்சிமோ கோமெஸ் பூங்காவில் முதியவர்கள் டாமினோ ஆடுவதை அமைதியாக நின்று பார்க்கலாம்; படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். 13ஆம் அவென்யூவில், கியூபாவின் புரட்சி அரசைக் கவிழ்க்க, வெளியேறிய கியூபர்கள் அமெரிக்க ஆதரவுடன் நடத்தித் தோற்ற 1961ஆம் ஆண்டுப் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் உள்ளது. சொத்தையும் உறவையும் இழந்து வந்த குடும்பங்கள் இங்கே பல என்பதால், அந்தப் புரட்சியின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிய பேச்சை நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர்களே தொடங்கினால், கேட்டுக்கொண்டிருங்கள்.