வண்டி இழுக்கவில்லையா? டர்போவை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தேன், வண்டி மசியவில்லை. பானட்டுக்குள் 'உஸ்' என்று ஒரு சீறல், கண்ணாடியில் கரும்புகை, சற்று நேரத்தில் மஞ்சள் இன்ஜின் விளக்கு. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்துவிட்டு முந்திப் போனார்.

வண்டி 2015 மாடல், 1.3 லிட்டர் டீசல். அடுத்த மூன்று வாரங்களில் டீசல் ஃபில்டரை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன். ஒரு பட்டறையில் "டர்போ போய்விட்டது" என்று நாற்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்தான் டர்போ.) கடைசியில் போயிருந்தது ஒரு ரப்பர் ஹோஸ். ஃபில்டர் எங்கே இருக்கிறது, பானட்டை எப்படித் திறப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. சாலையோரத்தில்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்பமுள் மேலே போயிருந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுக்க ஆள் தேடுங்கள். பெட்ரோல் வண்டியில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் பொசுக்கிவிடும். அதை வைத்துக்கொண்டு வீடு வரை ஓட்டாதீர்கள்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், சாவியை அணைத்து ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். இழுவை திரும்பிவிட்டதா? அப்படியானால் வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்றத் தானே சக்தியைக் குறைத்திருந்தது. இதை 'லிம்ப் மோட்' என்பார்கள். கோளாறு சரியாகிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். அடுத்த ஏற்றத்தில் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

2. இன்ஜின்தான் காரணமா?

ஆர்பிஎம் முள் விறுவிறுவென ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது; இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

3. கோடு படிப்பது

மஞ்சள் விளக்கு எரியும்போது வண்டியின் கம்ப்யூட்டர் அந்தக் கோளாறுக்கான குறியீட்டைப் பதிந்துவைக்கும்; அதுதான் 'கோடு' (code). ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகில் அதைப் படிப்பதற்கான 16 துளைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ஈஎல்எம் 327 வகை புளூடூத் கருவியும் போனில் 'கார் ஸ்கேனர்' செயலியும் போதும். சிறு திரையோடு வரும் கையடக்க ஸ்கேனர்கள் எனக்குப் பிடிக்காது. அவற்றில் பல கோடை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். நமக்கு வேண்டியது ஓடும்போது மாறும் அளவுகள்.

கோடை எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். கோளாறு நடந்த கணத்தில் இருந்த வேகம், ஆர்பிஎம், வெப்பம் எல்லாம் அதோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போகும்.

எனக்கு வந்தது பி0299. டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்பது பொருள். அந்தப் பட்டறையும் இதே கோடைப் பார்த்துத்தான் டர்போவைக் குற்றம் சொன்னது. ஆனால் 'டர்போ கெட்டுவிட்டது' என்று கோடு சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரும் கெட்டிருக்கலாம், இடையில் பைப்பும் உடைந்திருக்கலாம் அல்லவா?

4. காற்றா, டீசலா?

செயலியில் இரண்டு அளவுகளை மட்டும் திறந்து வையுங்கள்: இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), எரிபொருள் ரெயில் அழுத்தம் (இன்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தம்). முதலில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மேனிஃபோல்டு அழுத்தம் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடலோரத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், சேலத்தில் 98, ஏற்காட்டின் மேலே 85 வாக்கில். இந்த எண் இதிலேயே கோணலாக இருந்தால் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் போனைப் பார்க்க வேண்டும். தனியாக முயலாதீர்கள். ஆளில்லாத ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம் வாக்கில் முழுக்க மிதியுங்கள். டர்போ டீசலில் மேனிஃபோல்டு அழுத்தம் 200ஐ ஒட்டியோ தாண்டியோ போக வேண்டும். என் வண்டியில் 120ஐத் தொடவில்லை. ரெயில் அழுத்தமோ வண்டி கேட்ட அளவோடு ஒட்டியே ஏறியது. அதாவது டீசல் வருகிறது, காற்றுதான் வரவில்லை. இதை முதல் நாளே பார்த்திருந்தால் டீசல் ஃபில்டருக்குச் செலவழித்திருக்க மாட்டேன்.

கருவி இல்லாதவர்கள் புகையைப் பாருங்கள். மிதிக்கும்போது கரும்புகை தள்ளினால் பெரும்பாலும் காற்றுக் குறை. புகையே இல்லாமல் சோர்ந்து போனால் டீசல் பக்கம் தேடுங்கள். அல்லது ஏற்கெனவே லிம்ப் மோடில் இருக்கிறீர்கள்.

5. நான் சறுக்கிய இடம்

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் தடித்த ஹோஸ்கள் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, எல்லா ஹோஸ்களையும் தடவி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

தவறு அங்கேதான். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் டர்போ அழுத்தம் ஏறக்குறைய சுழியம். ஹோஸ் தளர்ந்து கிடக்கும், கீறல் உதடு மூடியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் அழுத்தம் ஏறி ஹோஸ் உப்பும்போதுதான் அது வாயைத் திறக்கும். எனவே வண்டியை நிறுத்தி வைத்து, நாமே காற்றை ஏற்ற வேண்டும்.

பிளம்பிங் கடையில் டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்று, பஞ்சர் கடையில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்று வாங்குங்கள். மூடியில் துளையிட்டு வால்வைப் பொருத்துங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயை டர்போ வாயில் கழற்றி, அந்த இடத்தில் மூடியை ஒரு ரப்பர் துண்டும் கிளாம்பும் வைத்து இறுக்குங்கள். கால் பம்பால் மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். 15ஐத் தாண்ட வேண்டாம். மூடிக்கு நேராக முகத்தையும் வைக்க வேண்டாம், கழன்றால் தோட்டாபோல் வரும். கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் அதிகம், எனவே கால் பம்புக்கே என் ஓட்டு.

எட்டு பிஎஸ்ஐ வந்ததும் ஏழாவது வளைவில் கேட்ட அதே சீறல். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதற்கு நேர் கீழே பிளாஸ்டிக் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமான எண்ணெய்க் கறை. அந்தக் கறையை முதல் வாரமே பார்த்தேன்; பழைய ஆயில் சிந்தல் என்று துடைத்துவிட்டேன்! இந்த ஹோஸ்களுக்குள் எண்ணெய் ஆவி மெல்லியதாக ஓடுவது வழக்கம். கீறல் இருந்தால் அது வெளியே கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

6. மாற்றுவது

புது ஹோஸ் போடுமுன் குழாய் முனைகளில் உள்ள எண்ணெய்ப் பசையை பிரேக் கிளீனரால் துடையுங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்தில் நழுவி வரும். ஒட்டுப்போட்டு ஓட்டலாமா என்றால், தன்னோடு தானே ஒட்டும் சிலிகான் டேப் வீடு வந்து சேர உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். இப்போது கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் அதே சோதனை. எனக்கு மேனிஃபோல்டு அழுத்தம் 212 காட்டியது.

பின்சேர்க்கை 1: காற்று ஏற்றும்போது ஆயில் ஊற்றும் வாய்ப் பக்கமிருந்து மெல்லிய சத்தம் வருவதாக இருவர் எழுதியிருந்தார்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் காற்று போவது இயல்பு. வெளியே ஹோஸ்களில் குமிழி வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: ஐபோனில் புளூடூத் கருவி இணையவில்லை என்பவர்களுக்கு: பழைய வகை புளூடூத் கருவிகள் அதில் வேலை செய்யாது. வைஃபை வகையோ, புளூடூத் 4.0 எல்இ வகையோ வாங்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: ஒரு வாசகர் இந்தச் சோதனையைச் செய்து கசிவே இல்லை என்றார். படம் அனுப்பச் சொன்னேன். டர்போவின் இறக்கைகளை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் பென்சில் தடிமன் வேக்குவம் ஹோஸை எலி கடித்திருந்தது. டர்போ ஹோஸ்களில் காற்றை ஏற்றினால் இது தெரியாது, அது தனிப் பாதை. பானட்டுக்குள் எலிப்புழுக்கை தென்பட்டால் 5ஆம் படிக்கு முன்பே அந்தச் சின்ன ஹோஸை முனையிலிருந்து முனை வரை தடவிப் பாருங்கள்.