பல்கலைக்கழக வேலைக்கு முதல்முறை விண்ணப்பிக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

பல்கலைக்கழக வேலை என்றால் பேராசிரியர் வேலை மட்டும்தான் என்று நம்மூரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் மாதிரிகளைப் பார்க்கவும், நோயாளிகளிடம் பேசி விவரம் பதியவும், அலுவலகத்தில் கோப்பு பார்க்கவும் ஆள் எடுக்கிறார்கள். நல்ல மார்க்கோடு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

படி 1: தேடுங்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், குமாரகோவில் நூருல் இஸ்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம். இவற்றின் சொந்த இணையதளத்தையே வாரம் ஒருமுறை பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டரை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

படி 2: சம்பளம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். அறிவிப்பில் ‘திட்டப்பணி’, ‘தொகுப்பூதியம்’ (படிகள் தனியாக இல்லாமல் மொத்தமாகத் தரும் சம்பளம்) என்றிருந்தால் அது தற்காலிக வேலை. ஆய்வுத் திட்டத்தின் நிதி முடிந்தால் வேலையும் முடியும். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம், முதல் அனுபவம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். நெட் (NET) அல்லது கேட் (GATE) என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோடு மத்திய அரசு நிதியில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால், 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

படி 3: சாதிச் சான்றிதழ். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. குமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1-ல்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணைந்தன. அதனால் சில சாதிகள் இந்த இரண்டு பகுதிகளில் ஒரு பட்டியலிலும், பிற மாவட்டங்களில் வேறு பட்டியலிலும் இருக்கின்றன. திருநெல்வேலித் தோழி நிரப்பியதைப் பார்த்து அப்படியே நிரப்பாதீர்கள். உங்கள் சான்றிதழில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். மத்திய அரசு நிறுவனம் என்றால் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். மாநிலச் சான்றிதழ் அதற்குச் செல்லாது.

படி 4: பயோடேட்டா. இரண்டு பக்கம் போதும். மலையாளம் பேசத் தெரிந்தால் மேலேயே எழுதுங்கள். மருத்துவ ஆய்வில் ஒப்புதல் படிவத்தை நோயாளிக்கு அவருடைய மொழியில் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ் நோயாளிகளும் நிறைய வருகிறார்கள். களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் இரண்டு மொழியும் சாதாரணமாகப் புழங்குவதால் அதை ஒரு தகுதியாகவே நாம் நினைப்பதில்லை. அங்கே அது பெரிய தகுதி.

படி 5: நேரடி நேர்காணல் (வாக்-இன்). ஒரிஜினல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், போட்டோ, அடையாள அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நர்ஸ் வேலை என்றால் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழும் வேண்டும். அப்புறம், இடத்தை முந்தின நாளே சரிபாருங்கள். ஸ்ரீ சித்திரைக்கு மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் ஆஸ்பத்திரியும், பூஜப்புரையில் மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. தம்பானூரில் ரயில் இறங்கியதும் எந்தப் பக்கம் பஸ் ஏற வேண்டும் என்பது அறிவிப்பின் கடைசி வரிகளில்தான் இருக்கும்.