அல்லிராணிக் கோட்டைக்கு ஒரு அரை நாள்

மடு மாதாவையும் திருக்கேதீச்சரத்தையும் கும்பிட வவுனியாவிலிருந்து வான் பிடித்துப் போகிறவர்கள் முருங்கனைத் தாண்டி நேரே போய்விடுகிறார்கள். அடுத்த முறை முருங்கனில் தெற்கே, சிலாவத்துறை வீதியில் திரும்புங்கள். அரை நாள் போதும். சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் இடையில், கடலோரச் செம்மண் மேட்டில் இடிந்தபடி நிற்கும் ஒரு மாளிகையைப் பார்க்கலாம். புத்தகங்களில் அதற்கு 'டொரிக்' என்று பெயர், ஊரில் அல்லிராணிக் கோட்டை.

வழி கேட்கும்போது, வெளிநாட்டில் வாசித்துவிட்டு வந்த மாதிரி "டொரிக் எங்கே?" என்று கேட்காதீர்கள். "அல்லிராணிக் கோட்டைக்கு எப்பிடிப் போறது?" என்று கேளுங்கள். சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

உண்மையில் அது கோட்டையும் இல்லை, அல்லிராணி கட்டியதும் இல்லை. இலங்கையில் ஆங்கிலேயரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்கி அதை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய பங்களா. கிரேக்கரின் டொரிக் பாணியில் தூண்கள் வைத்ததால் 'டொரிக்' என்ற பெயர். சுவர் செங்கல்தான். மேலே பூசிய சாந்து, சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அந்த வெள்ளைப் பூச்சு, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சலவைக்கல் போலத் தெரிந்ததாம். சாந்து இன்னும் பெயராத இடங்களில் கிட்ட நின்று பாருங்கள். முத்தை எடுத்தபின் கரையில் மிஞ்சுவது ஓடு. அந்த ஓட்டைச் சுட்டுத்தான் துரைக்கு வீடு பூசியிருக்கிறார்கள்.

சிலாவத்துறை என்ற பெயரே சலாபத்துறை, அதாவது முத்துக்குளிக்கும் துறை என்பதிலிருந்து வந்தது என்பார்கள். முத்துக்குளிப்பு நடந்த அந்தக் காலத்தில், கடல் அமரும் பெப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை இந்த வெறுங்கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும். கீழக்கரை, தூத்துக்குடி, அரபு நாடு என்று பல இடத்துக் குளியாளிகள் வருவார்கள். கல்லில் காலை வைத்து, கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு மூச்சில் அள்ளியதை மேலே அனுப்ப வேண்டும். சுறா வாய் திறக்காமல் மந்திரம் சொல்ல 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஆங்கிலேய அரசாங்கமே கூலி கொடுத்தது! கொண்டுவந்த சிப்பியைக் 'கொட்டு' என்ற அடைப்பில் எண்ணிப் பிரிப்பார்கள். பிற்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மிச்சம் குளித்தவனுக்கு. 1905இல் மட்டும் ஏறக்குறைய 8 கோடிச் சிப்பிகள். வருமானம் 25 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே கடலடியில் சிப்பி விளையும் பார்கள் வற்றி, தொழிலும் போய்விட்டது.

அல்லிராணி கதைக்கு வருவோம். தெற்கே குதிரைமலையில் இருந்து அவள் ஆட்சி செய்தாள், முத்தைக் கொடுத்து அரபுக் குதிரைகளை வாங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள். கேட்கும்போது இடைமறித்து "அது நோர்த் கட்டினது" என்று பாடம் எடுக்காதீர்கள். முதல் தடவை நான் அதைச் செய்தேன். பெரியவர் சிரித்துவிட்டு பேச்சை நிறுத்திவிட்டார். நட்டம் எனக்குத்தான். குதிரைமலை வில்பத்துச் சரணாலயத்துக்குள் இருக்கிறது, நினைத்தபடி நடந்து போக முடியாது.

பங்களா எழும்பிக்கொண்டிருந்த அதே 1803இல்தான் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் அவன் நினைவிடத்தையும் பாருங்கள். ஒரே ஆளுநரின் காலத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்த மாதிரி இருக்கும்.

சரி, போகும் ஏற்பாடு. கொழும்பிலிருந்து தலைமன்னார் ரயிலில் வந்தால் முருங்கனில் இறங்கலாம். ஆனால் அங்கிருந்து வாகனத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள், திரும்பி வரவும் சேர்த்து. தங்க மன்னார் அல்லது வவுனியா. மாரி மழை முடிந்த பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். நிழல் கிடையாது, ஆகவே பின்னேரம் நாலு மணிக்குப் போய் பொழுது படும்வரை நில்லுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். கடல் மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. விளிம்பில் நின்று படம் எடுக்கவோ, சுவரில் ஏறவோ வேண்டாம். பிள்ளைகளைக் கையில் பிடித்திருங்கள். ஞாபகத்துக்கென்று ஒரு செங்கல் துண்டைக்கூட எடுக்காதீர்கள், அது தொல்பொருள். கடற்படை முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும்.

கொஞ்சம் வடக்கே அரிப்புக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், அருவியாற்றை ஒட்டியே நடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது இங்கேதான். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இந்த முசலிப் பக்கம் முஸ்லிம் கிராமங்களும் கத்தோலிக்க மீனவர் ஊர்களும்தான். 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்கள் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து குடியேறிய மண் இது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்கள் கிண்டாதீர்கள். திரும்பும்போது சிலாவத்துறையில் தேத்தண்ணி குடிக்கலாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ முடிந்தபிறகு போங்கள், தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும்.