பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுவதற்கு முன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு என்று விண்டோஸ் 11 ஏற மறுக்கும் லேப்டாப் வீட்டில் இருந்தால், அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். இலவசம், திறமூலம்.

முதலில் எதையும் அழிக்க வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான முழுக் கோப்பு) எட்சர் மென்பொருள் மூலம் எழுதுங்கள் (பென் டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும், கவனம்). லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கு (எதிலிருந்து இயங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) போய், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை இயக்கலாம். பூட் மெனு விசை பல மாடல்களில் எஃப்12, சிலவற்றில் எஃப்9. வைஃபை, ஒலி, வெப்கேம் வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் திரை விழிக்கிறதா என்று அரை மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். வைஃபைதான் அதிகம் தகராறு செய்யும். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் வழியாக இணையம் எடுத்து, மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரில் தேடினால் பல நேரம் தீர்வு கிடைக்கும்.

எல்லாம் சரி என்றால் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு நிறுவுங்கள். ராம் 4 ஜிபி மட்டும் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும்.

இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கா? அதைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். என்னைக் கேட்டால் முதல் செலவே அதுதான்; வேகத்தில் உண்மையான வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

அப்புறம், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்துவிடும்.