புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் குப்பென்று சூடு ஏறினால்: யாரிடம் போவது, என்ன கேட்பது

கீமோ, அடிவயிற்றுக் கதிர்வீச்சு, சூலகம் எடுத்த ஆபரேஷன், மார்பகப் புற்றுக்குத் தரும் டாமோக்ஸிஃபென், லெட்ரோசோல் மாத்திரை இவற்றில் எது வேண்டுமானாலும் மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லைகளை ஒரேயடியாகக் கொண்டுவந்து இறக்கும். "உயிர் பிழைச்சதே பெரிசு, இதையெல்லாம் போய் சொல்வதா" என்று பலர் வாய் திறப்பதில்லை. சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

இரண்டு வாரம் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள்: பகலில் எத்தனை தடவை சூடு ஏறியது, இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள், ஃபேன் ஓடும்போதே நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறி சில நிமிடத்தில் அடங்குகிறதா. கடலூர் புழுக்கத்தில் யாருக்குத்தான் வேர்க்காது என்ற பதிலுக்கு அந்தத் தாள்தான் மறுமொழி. கூடவே காய்ச்சலோ எடை குறைவதோ இருந்தால் விஷயம் வேறு, உடனே காட்டுங்கள்.

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தவர்கள் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் மறுபரிசோதனைக்குப் போகும்போதே சொல்லி, மகளிர் மருத்துவப் பிரிவுக்கு எழுதி வாங்குங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ வெளியிலோ பார்ப்பதானால் டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள், மார்பகப் புற்று என்றால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (புற்று ஹார்மோனை நம்பி வளர்வதா என்று காட்டும் சோதனை) எழுதிய பக்கம் கையில் இருக்கட்டும். மார்பகப் புற்று வந்தவருக்குப் பொதுவாக ஹார்மோன் மாத்திரை தருவதில்லை. ஈஆர் பாசிட்டிவ் என்றால் கூடவே கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்று அப்படியல்ல. அதில் அதிகம் வரும் செதிள் செல் வகை ஹார்மோனை நம்பி வளர்வதில்லை. 45 வயதுக்கு முன்பே சூலகம் ஓய்ந்தவருக்கு எலும்பைக் காக்கவும் ஹார்மோன் தேவைப்படலாம். "கேன்சர் வந்தவருக்கு ஹார்மோனே ஆகாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், "எனக்கு வந்த வகைக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

ஹார்மோன் இல்லாமலும் வழி உண்டு. குறைந்த அளவு வென்லாஃபாக்சின், இரவில் கேபாபென்டின் சூட்டைத் தணிக்கும். வென்லாஃபாக்சின் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரை என்று மருந்துக் கடையில் கேள்விப்பட்டு மிரள வேண்டாம். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். டாமோக்ஸிஃபென் சாப்பிடுபவருக்கு, மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பராக்செடினும் ஃப்ளூஆக்செடினும் சேராது. டாமோக்ஸிஃபெனை வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அவை தடுத்துவிடும். தூக்கம் வரவில்லை என்று வேறொரு டாக்டரிடம் போகும்போதுதான் இந்தத் தவறு நுழைகிறது. நாட்டு மருந்துக் கடைத் தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணமும் சோயா மாத்திரையும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

பிறப்புறுப்பு வறட்சிக்கு இரண்டு பொருள் உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மாய்ஸ்சரைசர் ஜெல்லை வாரம் இரண்டு மூன்று முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைக்க வேண்டும். லூப்ரிகன்ட் உறவின்போது மட்டும். தேங்காய் எண்ணெய் ஆணுறையைக் கிழித்துவிடும். கீமோவால் விலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கலாம் என்பதால் இதை லேசாக விடாதீர்கள். அடிவயிற்றில் கதிர்வீச்சு எடுத்தவருக்குப் பிறப்புறுப்புப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். பாதையை விரித்து வைக்கும் டைலேட்டர் குழாயை எப்போது தொடங்கலாம் என்று நீங்களே கேளுங்கள்.

விலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள், டாமோக்ஸிஃபென் சாப்பிடுபவர் முக்கியமாக. மனம் துவண்டால் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். தொல்லை தாங்காமல் டாமோக்ஸிஃபென், லெட்ரோசோல் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்ற வழியிருக்கிறதா என்று பார்ப்பார்.