ஜூடோ என்றால் வளைந்து கொடுப்பது மட்டும்தானா?

ஜூடோவை ஆயிரம் வருடத்துப் பழைய சாமுராய் கலை என்று தயவுசெய்து அறிமுகப்படுத்தாதீர்கள். வேர் ஜப்பானின் பழைய மல்யுத்தச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவில்தான் இருக்கிறது, ஆனால் நாம் ஆடும் ஜூடோ பிறந்தது 1882இல். டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில், 12 டாடாமி பாய் விரித்த இடத்தில் கானோ ஜிகோரோ கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. சிறிய உடம்புக்காரர், பெரிய பையன்கள் கொடுமைப்படுத்தியதால் ஜுஜுட்சு கற்கப் போனவர்.

இதைவிடப் பெரிய தவறு ஜூடோ என்ற பெயரில் உள்ள "ஜு" என்ற சொல்லில் நடக்கிறது. மென்மை, விட்டுக்கொடுத்தல் என்று மொழிபெயர்த்து அதோடு முடித்துவிடுகிறார்கள். கானோவே சொன்ன கணக்கு ஒன்று உண்டு: எதிராளியின் பலம் 10, என் பலம் 7. அவர் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் விழப்போவது நான்தான். அவர் தள்ளும் பக்கமே நகர்ந்துவிட்டால் அவர் நிலை குலைந்து, அவரிடம் 3 அளவு பலம்தான் மிஞ்சும், என்னிடம் 7 அப்படியே இருக்கும். அழகான விளக்கம்தான். ஆனால் பின்னாலிருந்து ஒருவர் இறுக்கிக் கட்டிப்பிடித்தால் எந்தப் பக்கம் வளைந்து கொடுப்பீர்கள்? இதையும் அவரே கேட்டார். அதனால்தான் "செய்ர்யோகு ஸென்யோ", அதாவது இருக்கும் ஆற்றலை அந்த நேரத்துக்கு எது சரியோ அதற்கு முழுப் பலனோடு செலவிடுவது என்ற அகலமான கொள்கைக்கு வந்து சேர்ந்தார். தேவைப்பட்டால் நேராக எதிர்ப்பதும் அதில் அடக்கம். இதைப் புரிந்துகொள்ளாமல் பயிற்சிக்கு வருபவர்கள் ஒன்று வெறுமனே பின்வாங்கிக்கொண்டே இருப்பார்கள், இல்லையென்றால் குஸுஷியை, எதிராளியின் நிலையைக் குலைக்கும் அந்த முதல் வேலையை, விட்டுவிட்டு கைப்பலத்தால் தூக்கப் பார்ப்பார்கள். இரண்டுமே வீண் உழைப்பு.

தரத்தைக் காட்டும் பெல்ட் நிறத்தையே கொள்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம், விழக் கற்றுக்கொள்ளும் உகேமியைத் தொடக்கக்காரர் பாடம் என்று ஒதுக்காதீர்கள். கானோவின் இரண்டாவது கொள்கை "ஜிதா க்யோஎய்", நானும் நீயும் சேர்ந்து வளர்வது. பயிற்சியில் ஒருவரை எறியும்போது அவருடைய சட்டைக் கையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்கிறோமே, அவர் பத்திரமாக விழ வேண்டும் என்ற அந்த அக்கறையில்தான் இந்தக் கொள்கை உயிரோடு இருக்கிறது. அவருக்கு அடிபட்டால் நாளைக்கு யாரோடு பயிற்சி செய்வீர்கள்?

ஒலிம்பிக் பதக்கம் வந்தபின் இந்த அக்கறையெல்லாம் போய்விட்டது என்று சொல்வதும் அவசர முடிவு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜப்பானின் காமினாகாவை அவருடைய சொந்த நாட்டிலேயே நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க் அமுக்கிப் பிடித்து வென்றார். நெதர்லாந்து ரசிகர்கள் உற்சாகத்தில் பாய்க்கு ஓடிவரப் பார்த்தார்கள். தோற்றவருக்குத் தரும் மரியாதையாக கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார்.