வான்கூவர் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: சிறு படகில் சால்மன் பிடிக்கப் போகும் முன்

வான்கூவர், சர்ரே, பர்னபி பக்கம் குடிவந்து முதல் கோடையைப் பார்க்கிறவர்கள் எப்படியும் ஒரு தடவை கேட்டுவிடுவார்கள்: "இங்கே கடலில் போய் மீன் பிடிக்கலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா?" தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் சொல்லவும் செய்வார்கள். ஊரில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பாலத்தடியில் உட்கார்ந்தால் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். இங்கே நண்டுக்கூடு போடவே லைசென்ஸ் வேண்டும், மீன்வளத் துறை அதிகாரிகள் படகிலேயே பக்கத்தில் வந்து மீன் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நம்மவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும், அது பிரச்சினையே இல்லை. எந்த மீனை வைத்துக்கொள்ளலாம் என்பதிலும் குளிர்ந்த தண்ணீரிலும்தான் மாட்டிக்கொள்கிறோம்.

முதலில் லைசென்ஸ். கடல்நீருக்கானதைக் கனடா மத்திய அரசின் மீன்வளத் துறை கொடுக்கிறது, இணையத்திலேயே பத்து நிமிட வேலை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும், எனவே மார்ச் மாதத்தில் போய் வருட லைசென்ஸ் வாங்கிக் காசை விடாதீர்கள். ஒன்றிரண்டு நாளைக்கு மட்டும் போகிறவர்களுக்குக் குறுகிய கால லைசென்ஸும் இருக்கிறது. இதோடு சால்மன் ஸ்டாம்ப் என்று ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் சால்மனைப் பிடித்துவிட்டுத் திருப்பி விடலாம், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் இலவசம், ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட் விசாவில் வந்திருந்தால் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், கொஞ்சம் அதிகம். "அப்பா சும்மா தூண்டில் ராடைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்" என்பதெல்லாம் எடுபடாது, ராடைப் பிடித்தவர் மீன் பிடித்தவர்தான். ஆறு, ஏரிக்கு மாகாண அரசின் லைசென்ஸ், அது முற்றிலும் வேறு.

படகு வாங்க அவசரப்பட வேண்டாம். ஹார்ஸ்ஷூ பே போன்ற இடங்களில் சிறிய மோட்டார் படகு வாடகைக்குக் கிடைக்கும். சொந்தப் படகோ நண்பர் படகோ ஓட்டுவதென்றால் படகு ஓட்டுநர் அட்டை தேவை. அதற்கு ஒரு தேர்வு உண்டு, வீட்டிலிருந்தே எழுதலாம், விதிகளை ஒரு தடவை ஒழுங்காகப் படித்தால் போதும். வாடகைப் படகுக்கு, கொடுக்கிறவர்கள் ஒரு பட்டியலை வைத்துச் சொல்லிக்கொடுத்துக் கையெழுத்து வாங்குவதே அன்றைய தகுதியாக எடுத்துக்கொள்ளப்படும். அப்போது தலையை மட்டும் ஆட்டாமல் கேள்வி கேளுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். இந்தக் கடற்கரை முழுவதையும் எண் போட்டுப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வான்கூவருக்கு வடமேற்கே மலைகளுக்கு நடுவே உள்ளே போகும் கடல் கை ஹவ் சவுண்ட் 28, ஃப்ரேஸர் ஆற்று முகத்துவாரத்தின் வெளிக்கடல் 29. ஒரு பகுதியில் பிடிக்கத் திறந்திருப்பது பக்கத்துப் பகுதியில் மூடியிருக்கும், போன வாரம் திறந்தது இந்த வாரம் மூடியிருக்கும். ஃப்ரேஸர் ஆற்றுக்குத் திரும்பும் சினூக் (சால்மனில் ஒரு வகை) இனங்கள் சில மிக மோசமாகக் குறைந்துபோனதால் 2019 முதல் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் சினூக்கை வைத்துக்கொள்ளக் கடும் கட்டுப்பாடு. அதனால் "எங்க மாமா போன வருஷம் இதே இடத்தில ரெண்டு எடுத்தார்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புறப்படும் நாள் காலையில் துறையின் இணையதளத்தில் உங்கள் பகுதியைப் பாருங்கள். பாறைமீன் பாதுகாப்புப் பகுதிகள் என்றும் சில உண்டு. அங்கே சால்மனுக்கும் தூண்டில் போடக்கூடாது, வரைபடத்தில் பார்த்துவிட்டே போங்கள்.

ஐந்து வகை சால்மன் இங்கே உண்டு, ஐந்தும் தண்ணீருக்குள் பளபளவென்று வெள்ளியாகத்தான் தெரியும். மீன் படகோரம் வந்ததும் வாயைப் பாருங்கள். பல் முளைக்கும் ஈறு கறுப்பாக, வால் முழுக்கப் புள்ளி இருந்தால் சினூக். ஈறு வெளுத்து, வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி இருந்தால் கோஹோ. வாலில் பெரிய முட்டை வடிவப் புள்ளிகள், செதில் மிகச் சிறியது என்றால் பிங்க். புள்ளியே இல்லாமல் பெரிய கண்ணோடு இருந்தால் சாக்கை, அதைப் பிடிக்கலாம் என்று துறையின் அறிவிப்பு வந்தால் மட்டுமே எடுக்கலாம். மிச்சமிருக்கும் ஐந்தாவது வகையின் பெயர் 'சம்', அது இலையுதிர் காலத்து மீன், கோடையில் அதிகம் மாட்டாது.

அடுத்து முதுகைப் பாருங்கள். பெரிய முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே எலும்பில்லாமல் சதையாக ஒரு குட்டித் துடுப்பு இருக்கும், விரல்நுனி அளவுதான். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீன்கள் பலவற்றுக்கு அதைச் சிறு வயதிலேயே வெட்டிவிடுவார்கள், அந்த இடத்தில் ஆறிய தழும்பு மட்டும் தெரியும். வான்கூவருக்கு முன்னால் விரிந்திருக்கும் இந்த ஜார்ஜியா நீரிணையில் பல இடங்களில் கோஹோ என்றால் அந்தத் துடுப்பு இல்லாததை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்தால் வலையில் அள்ளாதீர்கள், மடியில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். தண்ணீரில் இருக்கும்போதே இடுக்கியால் முள்ளைத் திருகினால் கழன்றுவிடும், ஏனென்றால் சால்மனுக்கு எதிர்முள் (முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) இல்லாத தூண்டில்முள்தான் சட்டம். கடையில் வாங்கியதில் எதிர்முள் இருந்தால் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

சினூக்குக்கு இந்த நீரிணையில் மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை 62 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். படகின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் 62இல் ஒரு கோடு போட்டு வையுங்கள், வாக்குவாதம் மிச்சம். வைத்துக்கொண்டால் அந்த நிமிடமே லைசென்ஸில் பதிய வேண்டும், கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. படகிலேயே துண்டு போட்டுத் தோலுரித்துவிடவும் கூடாது. என்ன இனம், என்ன அளவு, அந்தக் குட்டித் துடுப்பு உண்டா இல்லையா என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

கருவி விஷயத்தில் கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கினால் ஒரு மாத வாடகை போய்விடும். இங்கே பெரும்பாலும் படகை மெதுவாக, 2 முதல் 3 நாட் (மணிக்கு 2, 3 கடல் மைல்) வேகத்தில் ஓட்டிக்கொண்டே இரையை இழுப்பார்கள். ஆழத்துக்குக் கொண்டுபோக டவுன்ரிகர் என்று ஒரு சாதனம்: கம்பி நுனியில் 10, 12 பவுண்ட் குண்டு தொங்கும். நெத்திலியையோ (ஆமாம், நெத்திலி இனம்தான், நாம் வறுத்துத் தின்பதை இவர்கள் இரையாகப் போடுகிறார்கள்) ரப்பர் கணவாயையோ, முன்னால் ஃபிளாஷர் என்ற மின்னும் பலகையோடு, படகுக்குப் பின்னால் கொஞ்சம் விட்டு, தூண்டில் நரம்பைக் குண்டுக்கு மேலே உள்ள கிளிப்பில் மாட்டிக் குண்டை இறக்க வேண்டும். ராடு வில்லாக வளைந்து நிற்கும். மீன் கடித்தால் நரம்பு கிளிப்பிலிருந்து பிய்த்துக்கொள்ளும், ராடு விசுக்கென்று நிமிரும், அப்புறம் மறுபடி வளையும். அந்த இடைவெளியில் தொய்வு விழாமல் மடமடவென்று சுற்றுங்கள். ஆனால் பெரிய சினூக் இழுத்துக்கொண்டு ஓடும்போது நரம்பு சுற்றும் ரீலின் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழலும், விரலை எடுத்துவிடுங்கள். அந்த ரீலுக்கு இங்கே உள்ள பட்டப்பெயரே விரல்முட்டியை உடைப்பவன்.

முதல் தடவைக்கு என்னைக் கேட்டால், ஒற்றைப்படை ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிங்க் பிடிக்கப் போங்கள். ஃப்ரேஸருக்கு அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், 2025இல் வந்தது, அடுத்து 2027. அனுமதி திறந்தால் கூட்டமாக, அதிக ஆழமில்லாமல் கிடைக்கும். சிறிய மீன்தான், ஆனால் பிள்ளைகளே இழுத்துவிடுவார்கள்.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஹவ் சவுண்டில் கோடைக் காலை கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏறி உள்நாடு சூடானதும் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று உள்ளே பாயும், ஊரில் சோழகம் அடிக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே இருபுறமும் மலை, நடுவே குறுகிய வழி. விடிகாலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், மீனும் அப்போதுதான் நன்றாகக் கடிக்கும். அரசு வானிலை மையத்தின் கடல் முன்னறிவிப்பில் சிறு படகு எச்சரிக்கை இருந்தால் வாடகைப் பணம் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள். பெரிய ஃபெர்ரிகள் உங்களுக்காக நிற்காது, அவற்றின் பாதையில் தூண்டில் இழுக்கவும் வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவுக்கு, படகில் இருக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். கழற்றவே கூடாது என்பது என் சட்டம். பாக் நீரிணையில் நாள்முழுக்க நீந்தினவர்கூட இந்தத் தண்ணீரில் அதே தைரியத்தில் இறங்கக்கூடாது. கடுங்குளிர் நீருக்கு இங்கே சொல்லித்தரும் கணக்கு 1-10-1: முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், 1 மணி நேரத்துக்குள் நினைவு தப்பலாம். கோடையில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கலாம், அதை நம்பிப் போகாதீர்கள். படகில் வானொலிக் கருவி இருந்தால் அபாய அழைப்புக்குச் சேனல் 16. பீர் கரையில், குடித்துவிட்டுப் படகோட்டினால் கார் ஓட்டிய அதே குற்றவியல் சட்டம்தான் பாயும். ஓர்கா திமிங்கிலம் தெரிந்தால் தூண்டிலை எடுத்துவிட்டுச் சட்டம் சொல்லும் தூரத்துக்கு விலகிவிடுங்கள், இங்கே மீன் தின்னும் வகை ஓர்காவுக்கும் சினூக்தான் முக்கியச் சாப்பாடு.

மீனை வைத்துக்கொள்வதென்றால் உடனே தலையில் அடித்து, செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு ஐஸில் போடுங்கள். பிங்க் சதை சீக்கிரம் குழைந்துவிடும், அன்றைக்கே சமைப்பது நல்லது, பொரியலுக்கு அருமை. சினூக்கின் வயிற்றுப் பகுதி கொழுப்பு, புளிக்குழம்பில் போட்டால் எண்ணெய் மிதக்கும், எனக்கு மிளகு உப்பு மட்டும் போட்டுத் தணலில் சுட்டால்தான் பிடிக்கும். குட்டித் துடுப்பு வெட்டிய சினூக், கோஹோ தலைக்குள் நுண்ணிய அடையாளக் கம்பி இருக்கலாம். ஆய்வுக்காக அந்தத் தலையைச் சேகரிப்பு மையத்தில் கொடுக்கும்படி துறை கேட்கிறது. தலைக்குழம்புக்காரர்களுக்கு மனசு வராதுதான், கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: இந்த லைசென்ஸில் பிடித்த மீனை விற்கக்கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு துண்டு கொடுப்பது வேறு, வாட்ஸ்அப் குழுவில் கிலோ இவ்வளவு என்று போடுவது வேறு. பின்னதற்கு அபராதம் கட்ட வேண்டிவரும், வாங்காமலும் இருங்கள். வெறுங்கையோடு திரும்பினால் ரிச்மண்டில் ஸ்டீவ்ஸ்டன் படகுத்துறைக்குப் போனால் போதும், மீனவர்கள் தங்கள் படகிலிருந்தே விற்பார்கள்.